மொட்டைப்பாறைக்கு மேலே

மதினியை நினைத்தால் முதலில் வருவது முகம் அல்ல, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த ஒரு விசில். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊதி ஊதி அதன் வாய்ப்பக்கம் பல் தடம் பதிந்து வெளுத்துப்போயிருக்கும். மலை ஏறும்போது மதினி ஒருநாளும் முன்னால் நடந்ததில்லை. வனத்துறை வாச்சர் முன்னால் போவார், நாங்கள் நடுவில் சிதறிப் போவோம், மதினி எல்லோருக்கும் கடைசியில் வருவார். எங்களுக்கு முன்னால் காடு இருந்தது. பின்னால் அந்த விசில் இருந்தது. அது ஒலித்தால் நின்ற இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் கீழே இறங்கிய பிறகுதான்.

மதினி என் அண்ணனின் மனைவி. போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஊருக்கு அவர் பி.டி. டீச்சர். பிறந்த ஊர் தேவாரம். மலையடிவாரத்தில் சோளமும் கடலையும் போட்டிருந்த குடும்பம். அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். நான் பெரிய கடைவீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன், இன்றும் வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருந்ததில் முப்பத்தைந்து வயதுக்குள் எனக்குக் கழுத்து வலியும் சர்க்கரையும் சேர்ந்து வந்தன. "வாத்தியார் வீட்டுப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இப்படி ஒடம்ப வச்சிருக்கீங்களே தம்பி, எனக்குத்தான் அசிங்கமா இருக்கு" என்று மதினி என்னை நடக்கக் கூட்டிப்போனார். போடிக்கு ரயில் நின்றுபோயிருந்த ஆண்டுகள் அவை. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்ட பாதையில் காலையில் ஊரே நடந்தது. அங்கே கூடியவர்களில் சிலரைச் சேர்த்துத்தான் மதினி ஞாயிற்றுக்கிழமை மலை நடையை ஆரம்பித்தார். பேங்க்காரர் ஒருவர், மருந்துக் கடைக்காரர், தாலுகா ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெண், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த அம்மாமார்கள் என்று சேர்ந்த கூட்டம்.

குரங்கணி வரை பஸ்சில் போவோம். கொட்டகுடி ஆற்றில் முகம் கழுவிக்கொண்டு ஏறத் தொடங்கினால் முதலில் மாமரங்களும் இலவமரங்களும், அப்புறம் காப்பித் தோட்டம், அதற்கிடையில் ஆரஞ்சு மரங்கள், மிளகுக் கொடி. அதையும் தாண்டினால் வெயிலே தரையில் விழாத சோலை. அட்டைக்குப் பயந்து எல்லோரும் காலில் புகையிலைத் தண்ணீர் தடவியிருப்போம். அந்த நாற்றம் சாயங்காலம் வீடு வரை வரும். அந்தச் சோலையில் ஒரு கருநீலக் குருவி இருந்தது. வேலையற்ற பையன் ஒருவன் சும்மா விசிலடித்துக்கொண்டு போவதுபோலவே பாடும். முதல் தடவை அதைக் கேட்டு, டீச்சர்தான் ஊதிவிட்டார் என்று முன்னால் போனவர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். சோலை முடிந்ததும் மரங்கள் சட்டென்று விலகிப் புல்சரிவு வரும். கசக்கினால் எலுமிச்சை மணக்கும் புல், இடுப்பு உயரத்துக்கு நிற்கும். அதன் நடுவே வழுக்கையாக ஒரு பெரிய பாறை. மொட்டைப்பாறை என்று சொல்வோம். அங்கே ஒரு பழைய போர்வையை விரித்து உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவோம். கீழே சமவெளி முழுக்கத் தெரியும். போடி வெள்ளைப் பொடி தூவியதுபோல் கிடக்கும். மேலே தலையைத் தூக்கினால் மலையின் விளிம்பு. அதுதான் டாப் ஸ்டேஷன். அதற்கு அந்தப் பக்கம் கேரளம், தேயிலை, தார் ரோடு.

அந்த விளிம்பை நாங்கள் தொட்டதே இல்லை. தொட்டுவிடும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மொட்டைப்பாறையில் ஏதாவது ஒன்று நடந்துவிடும். விளிம்பில் மேகம் எட்டிப் பார்க்கும், அல்லது காட்டுமாடு மேய்வதாக வாச்சர் சொல்வார், அல்லது யாருக்காவது முழங்கால் பிடித்துக்கொள்ளும். மதினி விசிலை எடுத்துவிடுவார். புல் காய்ந்துவிட்ட கோடை மாதங்களில் மலைப்பக்கமே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். இதற்காக முணுமுணுத்தவர்கள் உண்டு, வேறு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு ஒரே நாளில் மேலே போய்ப் படம் எடுத்து அனுப்பியவர்களும் உண்டு. மதினி அந்தப் படங்களைப் பார்த்து, "நல்லாருக்கு" என்பார். உண்மையாகவே நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார். பொறாமையோ கோபமோ அதில் இருக்காது. நான் ஒருமுறை கேட்டேன், ஒருதடவையாவது மேலே போய்விட்டால் என்ன என்று.

"எங்கய்யா சோளக்காட்டுல காவலுக்கு இருப்பாரு தம்பி. யானை எறங்குச்சுன்னா தகரத்தத் தட்டுவோம், வெடி போடுவோம். போகலைன்னா, வாங்க எல்லாரும்னு எங்களக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாரு. பக்கத்துக் காட்டுக்காரரு நின்னு வெரட்டுவாரு. அவரும் நல்லாத்தான் இருந்தாரு, யானை ஒண்ணும் அவர மிதிச்சிரல. எங்கய்யாவும் நல்லாத்தான் இருந்தாரு. எனக்கு எங்கய்யா கணக்குதான் வரும்" என்றார்.

கண்டக்டர் எங்களோடு சேர்ந்தது இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ. போடியிலிருந்து மூணாறு போகும் பஸ்சில் காலமெல்லாம் ஓடி ஓய்வு பெற்றவர். தோளில் பை தொங்கிய பக்கம் சற்று இறங்கியே இருக்கும். பை போன பிறகும் தோள் நிமிரவில்லை. நிற்கும்போது, ஓடுகிற வண்டியில் நிற்பவர்போல் கால்களை அகட்டி வைத்துக்கொள்வார். சேர்ந்த அன்றே மொட்டைப்பாறையில் விசில் ஒலித்தபோது அவர் மட்டும் திரும்பவில்லை.

"இது என்ன டீச்சர், கடைசி ஸ்டாப்பு கண்ணுக்குத் தெரியுது, வண்டியத் திருப்புறீங்க?"

"மேகம் வருதுண்ணே."

"மேகம் வந்தா லைட்டப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான். போடிமெட்டுல நாங்க பாக்காத மேகமா? என் சர்வீசுல ஒரு வண்டியையும் பாதியில திருப்புனதில்ல. ரோடு சரிஞ்சு கெடந்தப்பக்கூட எறங்கி நடந்து போயி அங்கிட்டு நின்ன வண்டியில ஏறி ஊரத் தொட்டுட்டுத்தான் வந்தேன்."

"நீங்க உக்காந்து போனீங்க. இவங்க நடக்கணும்ல."

"நான் எங்க உக்காந்தேன்? கண்டக்டருக்கு ஏது சீட்டு?" என்றார் அவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மதினியும் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை ஊதினார். கண்டக்டர் இறங்கினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பேச்சு ஏதாவது ஒரு வடிவில் நடக்கும். அவர் வராத வாரம் நடை சப்பென்று இருப்பதாக அம்மாமார்கள் சொன்னார்கள். ஆனால் அது வெறும் கேலி இல்லை என்பதை நான் கவனித்திருந்தேன். எல்லோரும் சமவெளியைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடும்போது கண்டக்டர் மட்டும் முதுகைச் சமவெளிக்குக் காட்டி விளிம்பைப் பார்த்து உட்காருவார். சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே பார்ப்பார். மூணாறுக்கு எத்தனையோ தடவை போன மனிதர், அங்கிருந்து ஒரு ஜீப்பு பிடித்திருந்தால் டாப் ஸ்டேஷனில் போய் நின்றிருக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "வண்டியில போறது சோலிக்குப் போன மாதிரி. இது நானா எனக்காக ஏறுற மலை. இதுல போயித்தான் தொடணும்" என்றார்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்காலம் முடிந்த கையோடு வந்தது. புல் பச்சையாக இருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அன்று போய்விடலாம் என்றே எல்லோரும் நினைத்தோம்; மதினியும் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் மொட்டைப்பாறையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க விடாமல், மேலே போய்ச் சாப்பிடுவோமா என்பதுபோல் வாச்சரின் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் விளிம்புக்குப் பின்னாலிருந்து மேகம் வழிந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிவதுபோல் ஓசையில்லாமல் இறங்கியது. மதினி ஊதிவிட்டார். கூட்டம் பெருமூச்சோடு எழுந்து பைகளை மாட்டிக்கொண்டது. கண்டக்டர் எழவில்லை. பாறையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே, வெரசா எறங்குவோம்" என்றார் மதினி.

"இன்னிக்கு நான் வரலை டீச்சர். நீங்க போங்க. அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன்."

அவர் கோபத்தில் சொல்வதாகத்தான் நினைத்தோம். கிட்டே போனதும் மதினியின் முகம் மாறிவிட்டது. கண்டக்டரின் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. குளிர் காற்றில் எங்களுக்கெல்லாம் ரோமம் சிலிர்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. இடது தோளை, அந்த இறங்கிய தோளை, வலது கையால் பிடித்திருந்தார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கு. மதுரையில ஆப்பரேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. வர்ற வாரம்."

"எப்பச் சொன்னாங்க?"

"போன மாசம். மேடு ஏறக் கூடாதுன்னாரு டாக்டரு."

"ஏண்ணே எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா பஸ் ஸ்டாண்டுலயே விசிலடிச்சு எறக்கி விட்ருவீங்கள்ல" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மருந்துக் கடைக்காரர் ஓடிவந்து தன் பையிலிருந்து ஒரு மாத்திரையைக் கண்டக்டரின் நாக்குக்கு அடியில் வைத்தார். என் செல்போனிலும் மற்றவர்கள் செல்போனிலும் சிக்னல் இல்லை. நாளெல்லாம் செல்போனோடு கிடப்பவன், அந்த நேரத்தில் கையில் வைத்திருந்தது வெறும் கண்ணாடிச் சில்லு. எல்லோரும் மதினியைப் பார்த்தோம். கீழே இறங்கினால் குரங்கணி போய்ச் சேர வந்த நேரத்தைவிடக் கூடுதலாகும், ஆளைத் தூக்கிக்கொண்டு சோலைக்குள் இறங்குவது அதைவிடக் கஷ்டம். மேலே போனால் தூரம் குறைவு, ரோடு இருக்கிறது, வண்டி இருக்கும். ஆனால் செங்குத்து. மேகம் அதற்குள் பாதிச் சரிவை மூடிவிட்டது.

மதினி விசிலைக் கயிற்றோடு கழற்றிப் பேங்க்காரர் கையில் கொடுத்தார். "எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்குங்க சார். பாதை உங்களுக்குத் தெரியும். கடைசியில நீங்க வாங்க. கீழ போயி எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மெட்டு வழியா மூணாறுக்கு வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க." பிறகு வாச்சரிடம் திரும்பி, "அண்ணே, நீங்க எங்ககூட மேல வரணும். எனக்கு இது வரைக்கும்தான் பாதை தெரியும்" என்றார்.

சாப்பிடும்போது விரிக்கிற போர்வையில் கண்டக்டரைக் கிடத்தினோம். நாலு முனையை நாலு பேர் பிடித்தோம்: வாச்சர், நான், மதினி, ஒரு காலத்தில் மதினியிடம் கபடி பழகிய தாலுகா ஆபீஸ் பெண். வாச்சரும் நானும் தலைப்பக்கம், அவர்கள் இருவரும் கால்பக்கம். எஸ்டேட்டில் சுகமில்லாதவர்களைக் கம்பளியில் இப்படித்தான் தூக்கிப்போவார்கள் என்று வாச்சர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டே முன்னால் தடம் பார்த்தார். சிறிது தூரத்தில் மேகம் எங்களுக்கு மேலே வந்துவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கையிலிருந்த துணி முடிச்சும், ஈரப் புல்லும், பக்கத்தில் வாச்சரின் தோளும்தான். போர்வை பழையது, எப்போது கிழியுமோ என்ற பயம் ஒவ்வோர் அடியிலும் இருந்தது. நின்று நின்று கை மாற்றினோம். நிற்கும்போதெல்லாம் மதினி கண்டக்டரின் முகத்தருகே குனிவார். ஒரு நிறுத்தத்தில் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அண்ணே. அண்ணே! மூணாறு வண்டி கெளம்பிருச்சு. மொத ஸ்டாப்பு எது?"

மதினி கன்னத்தில் தட்டினார். "டிக்கெட் எடுக்கணும்ல. மொத ஸ்டாப்பு எது, சொல்லுங்க!"

"முந்தல்" என்றார் கண்டக்டர், கண்ணை மூடியபடியே.

"அடுத்து?"

"போடிமெட்டு... டீ குடிக்கிறவங்க குடிச்சிருங்க."

தூக்கினோம். நடந்தோம். மதினிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அடுத்தது எது, அடுத்தது எது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பூப்பாறை என்றார் அவர். பெரியகானல் என்றார். சொல்லும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒருமுறை, "இந்த ஆத்தாவுக்கு தோண்டிமலையில நிப்பாட்டணும்" என்று யாரோ ஒரு பழைய பயணிக்காகச் சொன்னார். "நிப்பாட்டுவோம், நிப்பாட்டுவோம்" என்றார் மதினி. தாலுகா ஆபீஸ் பெண் அழுதுகொண்டே தூக்கினாள். தேவிகுளத்துக்கு அப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. மதினி கேட்பதை நிறுத்தவும் இல்லை.

எங்கள் காலடியில் புல் முடிந்து சிமென்டுத் தரை வந்தது. அவ்வளவு நாள் நாங்கள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த விளிம்பு அதுதான் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மேகத்துக்குள் மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. சாக்லேட்டும் தேனும் கேரட்டும் விற்கும் கடைகள், வரிசையாக நின்ற கார்கள், குல்லாய் போட்ட குழந்தைகள். யாரோ சூடாக மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். போர்வையோடு நாங்கள் அந்தக் கூட்டத்துக்குள் வந்து நின்றதும் ஒரு ஜீப்புக்காரர் தன் வண்டியில் ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டார். "சேச்சி, கேறிக்கோ. வேகம் கேறு. நான் கொண்டுபோயி விடாம்" என்று ஏறச் சொல்லிப் பின்கதவைத் திறந்தார். மதினி கண்டக்டரின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மூணாறு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதுதான் மதினியின் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்து சேர்ந்தார். கூடவே கண்டக்டரின் வீட்டம்மா. அந்த அம்மா நேராக மதினியிடம் வந்தார். "ஒன்னய நம்பித்தானேம்மா அனுப்பிச்சேன். நீ வாத்தியாரும்மா. நீ கூட்டிட்டுப் போறேன்னுதானே அனுப்பிச்சேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவருக்கும் டாக்டர் சொன்னது எதுவும் தெரிந்திருக்கவில்லை. கண்டக்டர் வீட்டிலும் மறைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், குற்றம் மதினி தலையிலிருந்து இறங்கியிருக்கும். மதினி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். மறுநாள் டாக்டரே சொல்லித்தான் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது.

மலை இறங்கும்போது அண்ணன்தான் வண்டி ஓட்டினார். கோபமா, பயமா, யோசனையா என்று தெரியாத முகம். பூப்பாறை வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, "பசிக்குதா?" என்று மதினியைக் கேட்டார். அவர்களுக்குள் அந்தச் சம்பவம் பற்றி அதற்கு மேல் பேச்சு நடந்ததாக எனக்குத் தெரியாது. தோல் உரிந்த கையோடு மதினியால் சாப்பிட முடியவில்லை. அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக் கொடுத்தார். கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அண்ணன் அப்படிச் செய்யும் ஆள் இல்லை.

கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். மதுரையில் நெஞ்சைத் திறந்து ஆப்பரேசன் செய்தார்கள். ஆனால் ஊர்ப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. ஆள் அசையவே கூடாத நேரத்தில் டீச்சர் மலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினார் என்றார்கள் சிலர். கீழே கொண்டுவந்திருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்றார்கள் வேறு சிலர். மூணாறு டாக்டர், இருந்த இடத்திலேயே படுக்க வைத்திருக்க வேண்டும் என்றார். மதுரை டாக்டர், வேகமாகக் கொண்டுபோனதுதான் நல்லது என்றார். இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிடலாமா என்றேன் மதினியிடம். "வேண்டாம் தம்பி. மூணாவது ஆளு எதச் சொன்னாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

சில மாதங்கள் நடை நின்றிருந்தது. பிறகு மதினியே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். பாதிப் பேர்தான் வந்தார்கள். மொட்டைப்பாறையில் ஒருவர் கேட்டார், இனி டீச்சருக்குத்தான் மேலே பாதை தெரியுமே, போய்விடலாமே என்று. "எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்கு நான் பாதையவா பாத்தேன்? அவரு மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்" என்றார் மதினி. அன்றும் திரும்பினோம். அதற்குப் பின் வந்த வருடங்களிலும் திரும்பிக்கொண்டேதான் இருந்தோம். பிறகு அனுமதி வாங்குவது சிரமமானது, ஒவ்வொருவராகக் கால் தேய்ந்து விலகினோம், மதினிக்கு ஓய்வு வந்தது. நின்றுபோன நாள் எது என்று யாருக்கும் தெரியாமலே நடை நின்றுவிட்டது. போடிக்கு இப்போது ரயில் வந்துவிட்டது. முதுகுப் பை மாட்டிய பையன்களும் பெண்களும் அதில் வந்து இறங்குகிறார்கள். என் கடையில் சார்ஜர் வாங்கிக்கொண்டு, குரங்கணிக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள்.

கண்டக்டருக்கு ஒரு குறை இருந்தது. எங்கே பார்த்தாலும் சொல்வார். "கடைசி ஸ்டாப்பு வந்தப்ப எனக்கு நெனவே இல்லையே டீச்சர். கண்ணு முழிக்காமப் போனது கணக்குல சேராது." ஏறுவதற்கு இனி வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். போன வருடம் ஒருநாள், வண்டியில் போனாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று இறங்கி வந்தார். என் காரில் மதினியோடு சேர்த்து நான்கு பேர் போனோம். கண்டக்டரின் வீட்டம்மா இந்த முறை அவரை எங்களோடு தனியே அனுப்பத் தயாராக இல்லை. மெட்டு ஏறி, மூணாறு தாண்டி, மதியத்துக்கு மேல் டாப் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம்.

அன்று மேகமில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். புல்சரிவு எங்கள் காலடியிலிருந்து இறங்கிப்போனது. மொட்டைப்பாறை ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கிடந்தது. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பக்கமாகவா இருந்தது என்று தோன்றியது. கண்டக்டர் கால்களை அகட்டி நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அங்கயிருந்து பாக்கத்தான் இது நல்லாருக்கு" என்றார். மதினி அதைக் கேட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் பாறையில் சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் அசைவதைப் பார்த்தோம். சிவப்பு, மஞ்சள், நீலம். மலையேற வந்த ஏதோ ஒரு கூட்டம். அவர்கள் பாறையில் இருந்து எழுந்து மேல்நோக்கிக் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். மதினி சும்மா திரும்பித் தேயிலைப் பக்கம் பார்த்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால், கேரளப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. கீழே இருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை. மேகம் விளிம்பைத் தாண்டினால்தான் தெரியும்; தாண்டிவிட்டால் அவர்கள்மேல்தான்.

மதினி போர்த்தியிருந்த சால்வையை உருவிக் கம்பிக்கு மேலே தூக்கி ஆட்டினார். "திரும்புங்க! ஏய், திரும்புங்க!" என்று மைதானத்துக் குரலில் கத்தினார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்குக் கேக்காது டீச்சர்" என்றார் கண்டக்டர்.

"தெரியும்ணே" என்றார் மதினி. ஆனால் நிறுத்தவில்லை.

கண்டக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "ஓல்டேய்ன்! ஓல்டேய்ன்!" என்று, ஓடுகிற வண்டியை நிறுத்துகிற குரலில் கூவினார். "ஏங்க, நெஞ்சுல தையல் போட்ட ஒடம்புங்க" என்று வீட்டம்மா கையைப் பிடித்து இழுத்தார். அவர் விடுவித்துக்கொண்டு மறுபடி கூவினார். புள்ளிகள் நின்றதுபோல் இருந்தது. எங்களைத்தான் பார்க்கிறார்களா, மூச்சு வாங்க நிற்கிறார்களா, தெரியவில்லை. அதற்குள் மேகம் எங்களைத் தாண்டி, முகத்தை நனைத்துக்கொண்டு, சரிவில் இறங்கிவிட்டது.

கடைகளில் விளக்குப் போட்டார்கள். நானும் கண்டக்டர் வீட்டம்மாவும் டீக்கடைக்குப் போனோம். மதினி வரவில்லை. கீழேயிருந்து வரும் பாதை சிமென்டுத் தரையில் ஏறுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் ஏறி வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். கண்டக்டரும் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்களே தவிரக் குடிக்கவில்லை. இருவரும் மேகத்துக்குள் மறைந்துபோன அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேகம் மெலிந்து கலைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சரிவில் ஆள் இல்லை. பாறையிலும் இல்லை. சோலையின் ஓரத்தில் மட்டும் ஏதோ ஒரு மஞ்சள் அசைந்து மரங்களுக்குள் போனதாகக் கண்டக்டர் சொன்னார், எனக்குத் தெரியவில்லை. மதினி இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"யாரும் வரல" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.